வேல்சு மொழி காத்த குவின்வோர் எவான்சு

(பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாழ்க்கையை எதனைக் கொண்டு அளப்பது? எத்துணை முறை வென்றார் என்பதைக் கொண்டா? எத்துணை ஆண்டு இருக்கையில் அமர்ந்திருந்தார் என்பதைக் கொண்டா? எந்த அமைச்சுப் பொறுப்பை எய்தினார் என்பதைக் கொண்டா? இவையே அளவுகோல் எனின், இன்று இவ்வவையில் எடுத்துரைக்கப்பெறும் பெருமகனாரின் வாழ்க்கை ஒரு தோல்வி வரலாறாகவே முடியும்.

அவர் வென்றவை இரண்டே நாடாளுமன்றத் தேர்தல்கள். தோற்றவையோ பல. நாடாளுமன்றத்தில் அவர் அமர்ந்திருந்த காலம் இருமுறையும் சேர்த்து ஒன்பது ஆண்டுக்கும் குறைவு. அமைச்சுப் பொறுப்பு என்பது அவர் வாயிலை எட்டியும் பார்த்ததில்லை. ஒரு முறை மூன்றே மூன்று வாக்குகளால் தோற்றார். ஆயினும், அவர் பிறந்த நாட்டில், அவர் மொழி பேசும் மக்களுள், அவர் பெயரை அறியாதார் அரியர். அவருடைய மாபெரும் வெற்றி, எல்லா இருக்கையையும் இழந்தபின், அறுபத்தெட்டாம் அகவையில் அவருக்குக் கிட்டியது. அவர்தாம் வேல்சு நாட்டுக் குவின்வோர் எவான்சு.

நாடும் மொழியும்

முதலில் அந்நாட்டைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இங்கிலாந்துக்கு மேற்கே, மலையும் பள்ளத்தாக்கும் செறிந்த சிறு நாடு வேல்சு. 'வேல்சு' என்பது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. ஆங்கிலேயரின் முன்னோர் இட்ட பெயர். 'அயலார்' என்பது அதன் பொருள். வந்தேறியவர் மண்ணின் மக்களை 'அயலார்' என்றழைத்த விந்தையைக் கருதுக! அம்மக்களோ தம் நாட்டைக் 'கும்ரி' என்பர். 'உடன்நாட்டார்' என்னும் பொருளில் பிறந்த சொல் அது. தம் மொழியைக் 'கும்ராய்கு' என்பர். அத்தீவில் ஆங்கிலம் அடியெடுத்து வைப்பதற்கு முன்பே அம்மொழியின் தாய்மொழி அங்கு வழங்கியது.

1536-ஆம் ஆண்டு, எட்டாம் என்றி மன்னனின் காலத்தில், வேல்சை இங்கிலாந்தோடு பிணைக்கும் சட்டம் இயற்றப்பெற்றது. முறைமன்றங்களில் ஆங்கிலமே வழங்கவேண்டும் என்றும், வேல்சு மொழி வழங்குவோர்க்கு ஆங்கிலமின்றி அரசு அலுவல் இல்லை என்றும் அச்சட்டம் விதித்தது. ஆட்சியினின்று துரத்தப்பெற்ற மொழி இறைவழிபாட்டில் தங்கிற்று. 1588-இல் வில்லியம் மார்கன் என்பார் கிறித்தவத் திருமறையை வேல்சு மொழியில் முழுமையாகப் பெயர்த்து வெளியிட்டார். உழவரும் சுரங்கத் தொழிலாளரும் அதனைப் படித்தே எழுத்தறிவு பெற்றனர். அரசு கைவிட்ட மொழியை மக்களின் வழிபாட்டில்லங்கள் தாங்கின.

பின்னர்ப் பள்ளிக்கூடங்கள் வழியாகக் கேடு வந்தது. 1846-இல் வேல்சு நாட்டுக் கல்விநிலையை ஆராய மூவர் அனுப்பப்பெற்றனர். மூவரும் ஆங்கிலேயர், மூவர்க்கும் வேல்சு மொழி தெரியாது. அம்மக்களின் பின்னடைவுக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அவர்தம் மொழியே கரணியம் என்பது போல் அவர்தம் அறிக்கை அமைந்தது. அது நீல அட்டையில் வெளிவந்தமையால், 'நீலநூல்களின் இரண்டகம்' என்று அதனை வேல்சு மக்கள் இன்றும் குறிப்பர். அந்நூற்றாண்டில் பள்ளிகள் பலவற்றில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. தாய்மொழியில் பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவர். அடுத்துப் பேசியவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் பள்ளி விடும்பொழுது அஃது எவன் கழுத்தில் உள்ளதோ அவனுக்கு அடி. தாய்மொழி பேசும் தோழனைத் தோழனே காட்டிக்கொடுக்கும்படி செய்த சூழ்ச்சி இது!

இவற்றின் விளைவு யாது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்களுள் செம்பாதியினர் வேல்சு மொழி பேசினர். 1961-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அது 26 விழுக்காடாகச் சுருங்கிற்று, 1971-இல் ஏறத்தாழ 21, 1981-இல் 19. ஒரு மொழி சாகும் வேகத்தை எண்களாகக் காட்டிய ஏடுகள் இவை.

மொழியை மீட்டுக்கொண்ட மகன்

இத்தகைய காலத்தில், 1912-ஆம் ஆண்டு செப்தம்பர் முதல் நாளில், தென்வேல்சின் பேரி என்னும் துறைமுக நகரில் குவின்வோர் எவான்சு பிறந்தார். நிலக்கரி ஏற்றுமதியால் பெருகிய நகரம் அது. தந்தையார் பெருங்கடை நடத்திய வணிகர். வேல்சு மொழி அறிந்தவர். எனினும் வீட்டில் வழங்கியது ஆங்கிலமே. பிள்ளைகள் முன்னேறவேண்டும் எனில் ஆங்கிலமே வேண்டும் என்னும் எண்ணம் அந்நாளில் நல்ல பெற்றோரையும் பற்றியிருந்தது. அவ்வெண்ணத்தைத் தமிழ்ப் பெற்றோர்க்கு விளக்கிக் கூறவேண்டுவதில்லை.

ஆகவே, வேல்சு மொழியின் காவலராக விளங்கப் பிறந்த குழந்தை அம்மொழியைத் தாயின் மடியில் கற்கவில்லை. பள்ளியில் ஒரு பாடமாகவே கற்றது. பின்னர் அபரிசுட்டுவித்துக் கல்லூரியில் சட்டம் பயின்ற காலத்தில், முன்னோர் மொழியை முயன்று தம் மொழியாக்கிக்கொண்டார் குவின்வோர். அடுத்து ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் சென்றார். அங்குச் செல்லும் வேல்சு இளைஞர் ஆங்கிலேயராய்த் திரும்புவதே வழக்கம். இவரோ அங்கேயே வேல்சு நாட்டுரிமைக் கட்சிக்குக் கிளையொன்று நிறுவினார்.

இழந்த மொழியை ஒருவன் மீட்டுக்கொள்ளுதல் ஒல்லுமா என்று ஐயுறுவார்க்கு இவர் வாழ்வே விடை. பிறப்பால் வந்தது ஆங்கிலம். தெளிவால் வந்தது வேல்சு மொழி. தெளிவால் வந்ததையே அவர் தம் வீட்டு மொழியாக்கினார். 1941-இல் இரியானன் என்னும் அம்மையாரை மணந்து, பிறந்த மக்கள் எழுவரையும் அம்மொழியிலேயே வளர்த்தார். பெற்றோர் காலத்தில் அறுந்த இழை பேரர் காலத்தில் மீண்டும் முடியப்பெற்றது.

தக்காளித் தோட்டமும் கட்சித் தலைமையும்

'பிளைடு கும்ரி' எனப்பெறும் வேல்சுக் கட்சி 1925-இல் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் தலையாயவர் சாண்டர்சு இலூயிசு என்னும் புலவர். 1936-இல், பெனிபெர்த்து என்னும் இடத்தில் ஆங்கிலேய அரசு குண்டுவீச்சுப் பயிற்சிக்களம் அமைத்தபொழுது, அதற்குத் தீயிட்டுத் தாமே காவல்நிலையம் சென்று ஒப்புக்கொண்ட மூவருள் அவர் ஒருவர். வேல்சில் கூடிய முறையாயம் அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்க ஒருமிக்கவில்லை. எனவே வழக்கு இலண்டனுக்கு மாற்றப்பெற்று, மூவரும் ஒன்பது திங்கள் சிறைத்தண்டம் பெற்றனர்.

குவின்வோர் அத்தகைய தீவழி செல்பவரல்லர். அவர் கொல்லாநெறியர், காந்தியடிகளின் அறப்போர் முறையை மதித்துப் பின்பற்றியவர். இரண்டாம் உலகப் போரில் படையிற் சேர மறுத்தார். அவர் மறுப்பு உளச்சான்றின்பாற்பட்டது என ஆயம் ஏற்று, எவ்வகைக் கட்டுப்பாடுமின்றி விலக்களித்தது. போர்க்காலத்தில் போருக்குச் செல்லாதவரை ஊரார் எவ்வாறு நோக்குவர் என்பது சொல்லாமலே விளங்கும். அப்பார்வையை அவர் பொறுத்துக்கொண்டார்.

சட்டம் பயின்றும் வழக்கறிஞர் தொழிலை நாடினாரல்லர். கார்மார்தன் மாவட்டத்து இலாங்கடோகு என்னும் சிற்றூரில் கண்ணாடி இல்லங்கள் அமைத்துத் தக்காளி பயிரிட்டார். 1945-இல், முப்பத்திரண்டாம் அகவையில், கட்சித் தலைமையை ஏற்றார். 1981 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தார். அவர் ஏற்றபொழுது அக்கட்சி ஆசிரியர், சமயகுருமார், எழுத்தாளர் ஆகிய சிலரின் கூட்டம். தேர்தல் தோறும் நிற்பதும் வைப்புத்தொகையை இழப்பதுமே அதன் வரலாறு. பகலில் தோட்டம், மாலையில் ஏதேனும் ஓர் ஊரில் கூட்டம், நள்ளிரவில் மலைவழியே வீடு திரும்புதல் என ஆண்டுகள் உருண்டன.

நீரில் மூழ்கிய ஊர்

இக்காலத்தே நிகழ்ந்த ஒரு கொடுமை வேல்சு மக்களின் கண்களைத் திறந்தது. வடவேல்சில், திரிவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கப்பெல் கெலின் என்றோர் ஊர் இருந்தது. அங்கு வாழ்ந்தோர் அனைவரும் வேல்சு மொழியே பேசினர். ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், ஒரு வழிபாட்டில்லம், அதனையடுத்து முன்னோர் உறங்கும் இடுகாடு, சில வீடுகள், சூழவும் பண்ணைகள். அவ்வளவே ஊர்.

இங்கிலாந்தின் இலிவர்பூல் நகராட்சிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அப்பள்ளத்தாக்கை அணையிட்டு நிரப்ப அது முடிவு செய்தது. வேல்சில் எந்த மன்றத்தின் இசைவையும் கேளாமல், நேரே இலண்டன் நாடாளுமன்றத்தை அணுகிச் சட்டம் பெற முனைந்தது. 1956-இல் அவ்வூர் மக்கள், குழந்தைகளும் முதியோரும் உட்பட, இலிவர்பூல் தெருக்களில் அணிவகுத்துச் சென்று முறையிட்டனர். குவின்வோர் உடன் சென்றார். நகரமன்றத்துள் எழுந்து பேச முயன்ற அவரைக் கூச்சலிட்டும் மேசையைத் தட்டியும் அடக்கினர்.

1957-இல் அச்சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. அன்று வேல்சுக்கு உறுப்பினர் 36 பேர். அவருள் ஒருவரேனும் சட்டத்தின் பக்கம் வாக்களித்தாரல்லர். இருந்தும் சட்டம் நிறைவேறியது. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் அமர்ந்த அவையில் வேல்சு உறுப்பினரின் எதிர்ப்பு என்ன செய்யும்? ஒரு நாட்டின் சார்பாளர் அனைவரும் ஒருங்கு நின்றாலும் தம் ஊர் ஒன்றைக் காக்கவியலாது எனின், அந்நாட்டார்க்கு அவ்வவையில் இருப்பது இருக்கையா, வெறும் நாற்காலியா?

1965-இல் அணை திறக்கப்பெற்றது. ஏறத்தாழ எண்ணூறு ஏக்கர் நிலமும், பள்ளியும், வழிபாட்டில்லமும், வீடுகளும் நீரில் மூழ்கின. குவின்வோர் அப்போராட்டத்தில் தோற்றார். கட்சியில் இளைஞர் சிலர் அவரது அறப்போர் முறையைப் பழித்தனர். அணை வேலையிடத்தில் வெடி வைத்துச் சிறை சென்றோரும் உளர். அவரோ தம் வழியினின்று பிறழவில்லை. நாற்பதாண்டு கழித்து, 2005-ஆம் ஆண்டு அக்தோபரில், இலிவர்பூல் நகரமன்றம் அச்செயலுக்கு வருத்தந் தெரிவித்து மன்னிப்புக் கோரிற்று. அதனைக் கேட்கக் குவின்வோர் அன்று உயிரோடில்லை.

இரு வழிகள்

1962 பிப்பிரவரியில், சாண்டர்சு இலூயிசு வானொலியில் 'மொழியின் ஊழ்' என்னும் பொருளில் ஒரு பொழிவாற்றினார். நிலைமை இவ்வாறே தொடருமாயின் வேல்சு மொழி இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழியும் என அவர் எச்சரித்தார். தேர்தலில் நிற்பதினும், தன்னாட்சி கேட்பதினும், மொழியைக் காப்பதே முதற்பணி; வேல்சு மொழியின்றி அரசோ ஊராட்சியோ வேல்சில் இயங்கவொண்ணாத நிலையைப் படைக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அப்பொழிவில் அவர் எடுத்துக்காட்டியது கார்மார்தன் மாவட்டத்திலேயே வாழ்ந்த ஒரு சுரங்கத் தொழிலாளியையும் அவர் மனைவியையும். வரிச்சீட்டு வேல்சு மொழியில் வந்தாலன்றி வரி செலுத்தோம் என்று எட்டாண்டுகள் அவர்கள் போராடினர். அரசு ஏவலர் வீட்டுப் பொருள்களை மீண்டும் மீண்டும் தூக்கிச் சென்றனர். ஈற்றில் 1960-இல் இருமொழிச் சீட்டு வந்தது.

அப்பொழிவின் விளைவாக அவ்வாண்டே வேல்சு மொழிக்கழகம் தோன்றிற்று. இளைஞர் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளை அழித்தனர்; அலுவலகங்களில் மறியல் செய்தனர்; சிறை புகுந்தனர். குவின்வோர்க்கோ கட்சியைத் தேர்தல் வழியிற் செலுத்தும் பொறுப்பு இருந்தது. மொழியா, இருக்கையா? மறியலா, வாக்குச்சீட்டா? இவ்வினா அவர் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. வாக்குப் பெறும்பொருட்டு மொழியை அடக்கிப் பேசுகிறார் என்று இளைஞர் குறைகூறினர். மொழி மொழி என்று வாக்கை இழக்கிறார் என்று தேர்தல் வல்லார் குறைகூறினர். இரண்டு பழியையும் ஒருங்கே சுமந்தார் அவர்.

வெற்றியும் உறுதிமொழியும்

1966 மார்ச்சுப் பொதுத் தேர்தலில் கார்மார்தன் தொகுதியில் நின்ற குவின்வோர் மூன்றாமிடமே பெற்றார். வென்றவர், முன்னாள் தலைமையமைச்சர் இலாயிடு சார்ச்சின் மகளார் மேகன் அம்மையார். அவ்வாண்டு மேத் திங்களில் அவ்வம்மையார் மறைந்தமையால் இடைத்தேர்தல் வந்தது. சூலை 14-ஆம் நாள் வாக்களிப்பு. குவின்வோர்க்குக் கிடைத்தவை 16,179 வாக்குகள்; தொழிற்கட்சியார்க்கு 13,743. வேறுபாடு 2,436. நான்கு திங்களுக்கு முன் ஏழாயிரத்துச் சொச்சம் பெற்றவர், இன்று முதலிடத்தில்! நாற்பத்தோராண்டு வரலாற்றில் வேல்சுக் கட்சி பெற்ற முதல் நாடாளுமன்ற இருக்கை அது. கார்மார்தன் நகரின் நடுவே திரண்டிருந்த மக்கள் களிப்பால் ஆர்த்தனர்.

சூலை 21-ஆம் நாள் அவர் இலண்டனில் அவைபுகுந்தார். தம் தாய்நாட்டு மொழியில் உறுதிமொழி கூற இசைவு வேண்டினார். இசைவு மறுக்கப்பெற்றது. ஆங்கிலத்தில் கூறியே இருக்கையில் அமரவேண்டியிருந்தது. தம்மைத் தேர்ந்தெடுத்த மக்கள் எம்மொழியில் வாக்குக் கேட்டனரோ, எம்மொழியில் வாழ்த்தியனுப்பினரோ, அம்மொழிக்கு அவ்வவையில் வாயில் அடைக்கப்பெற்றிருந்தது. மொழிச்சிக்கலை விளக்க ஆயிரம் மேடைப்பேச்சு செய்யாததை அவ்வொரு மறுப்பு செய்தது. வேல்சில் மொழிப்பற்றில்லாதாரும் அன்று நாணினர்.

அறுநூற்று முப்பதின்மர் அவையில் அவர் கட்சிக்கு அவர் ஒருவரே. வேல்சின் தொழிற்கட்சி உறுப்பினரே அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அவர் என்செய்தார்? கேட்டார், கேட்டுக்கொண்டேயிருந்தார். வேல்சுக்குச் சாலை எத்துணை? தொழிற்சாலை எத்துணை? மூடிய சுரங்கம் எத்துணை? பள்ளியில் அம்மொழி கற்பிப்போர் எத்துணையர்? நூற்றுக்கணக்கான வினாக்களை எழுப்பி, அமைச்சர்கள் அளித்த விடைகளைத் தொகுத்து நூலாக்கி மக்கள் கையில் கொடுத்தார். அரசின் வாயினாலேயே அரசின் புறக்கணிப்பை ஒப்புக்கொள்ளச் செய்த முறை அது. தனியொருவர் நாடாளுமன்றத்தை எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

1967-இல் வேல்சு மொழிச் சட்டம் வந்தது. முறைமன்றங்களில் அம்மொழியில் பேசும் உரிமையை அது விரிவாக்கிற்று. அரசுப் படிவங்கள் அம்மொழியில் வர வழி வகுத்தது. முழு நிறைவான சட்டமன்று. எனினும் நானூறாண்டுக்கு முன் சாத்திய கதவில் ஒரு பிளவு. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் சுரங்கப் பள்ளத்தாக்குத் தொகுதிகளின் இடைத்தேர்தல்களில் அவர் கட்சி நாற்பது விழுக்காட்டளவு வாக்குப் பெற்றது. 1967 நவம்பரில் காத்துலாந்தின் நாட்டுரிமைக் கட்சியும் ஆமில்டன் தொகுதியை வென்றது. 1969-இல் நடுவணரசு, நாட்டின் ஆட்சியமைப்பை ஆராய ஒரு குழு அமைத்தது. கார்மார்தன் வாக்காளர் தட்டிய கதவின் ஒலி அவ்வளவு தொலை கேட்டது.

மூன்று வாக்குகள்

1970 பொதுத் தேர்தலில் அவர் தோற்றார். 1974 பிப்பிரவரியில் மீண்டும் நின்றார். பல முறை எண்ணிய பின் முடிவு வெளிவந்தது: தொழிற்கட்சியார்க்கு 17,165, குவின்வோர்க்கு 17,162. மூன்று வாக்குகள்! ஒரு வீட்டார் மழைக்கு அஞ்சி வாக்களிக்க வாராதிருப்பின் நேரக்கூடிய வேறுபாடு. அவர் கட்சியார் இருவர் வேறு தொகுதிகளில் அன்று வென்றனர். தலைவரோ வெளியே நின்றார். அவர் எவரையும் நோகவில்லை. மறுநாளே பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டு அக்தோபரில் மறுதேர்தல் வந்தபொழுது, அதே தொகுதி அவரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வெல்லச் செய்தது.

இரண்டாம் முறை அவையில் மூவராய் அமர்ந்தனர். 1979 மார்ச்சு 28-இல் தொழிற்கட்சி அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஒவ்வொரு வாக்குக்கும் விலை மிகுந்த இரவு அது. வேல்சுக் கட்சி மூவரும் தமக்கென ஒன்றும் கேட்டிலர். வடவேல்சின் கற்பலகைச் சுரங்கங்களில் உழைத்துத் தூசியால் நுரையீரல் கெட்டு இருமியிருமி மாண்டுகொண்டிருந்த தொழிலாளர்க்கு இழப்பீட்டுச் சட்டம் கேட்டனர். அரசு ஒப்பியது, மூவரும் அரசின் பக்கம் வாக்களித்தனர். 311-க்கு 310 என ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. ஆயினும் அவ்விழப்பீட்டுச் சட்டம், அவை கலையுமுன் நிறைவேறிற்று. பேரம் என்ற சொல்லுக்கே நற்பொருள் தந்த நிகழ்ச்சி அது.

இருள் சூழ்ந்த ஆண்டு

ஆனால் 1979-ஆம் ஆண்டு வேல்சுக்கு இருள் சூழ்ந்த ஆண்டு. மார்ச்சு முதல் நாள், வேல்சின் காவல் துறவியாகிய தாவீது அடிகளின் திருநாளில், தன்னாட்சி மன்றம் வேண்டுமா என மக்களிடம் கேட்கப்பெற்றது. ஐவரில் நால்வர் வேண்டாவென்றனர். மேத் திங்கள் பொதுத் தேர்தலில் குவின்வோர் தம் இருக்கையையும் இழந்தார். முப்பத்து நான்காண்டு உழைப்பு ஒரு பருவத்தில் கருகியது போல் தோன்றிற்று. அகவை அறுபத்தாறு. வேறொருவராயின் தோட்டத்திற்குத் திரும்பி ஓய்ந்திருப்பார்.

அவ்வேளையில்தான் அடுத்த அடி வந்தது. புதிதாகத் தொடங்கவிருந்த நான்காம் தொலைக்காட்சி அலைவரிசை வேல்சில் வேல்சு மொழிக்கே உரியதாகும் என்று தேர்தலுக்கு முன் பழமைபேண் கட்சி உறுதி கூறியிருந்தது. ஆட்சியேறிய சில திங்களில், 1979 செப்தம்பரில், உள்துறை அமைச்சர் ஒயிட்லா அவ்வுறுதியைக் கைவிட்டார். இது சிறு செய்தியன்று. முன்னாளில் பள்ளி செய்த கேட்டை இந்நாளில் தொலைக்காட்சி செய்யும். வீட்டுக்குள்ளேயே, அடுப்பங்கரை அருகிலேயே, நாளும் பல மணிநேரம் குழந்தையின் காதில் அயன்மொழியை ஓதும். அம்மொழிக்கு அங்கு இடமில்லையெனின், அதனை இளந்தலைமுறை இழப்பது உறுதி.

ஈராயிரம் பேர் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்தோம் என உறுதிபூண்டனர். பலர் தண்டம் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். அரசு அசையவில்லை. 1980 மேத் திங்களில் குவின்வோர் அறிவித்தார்: அரசு தன் சொல்லைக் காவாதாயின், அக்தோபர் 6-ஆம் நாள் தொடங்கி, உயிர் பிரியும்வரை உண்ணாநோன்பிருப்பேன்.

வடக்கிருத்தல் என்னும் சொல்லைப் படைத்த மொழியார்க்கு, தமிழ்நாட்டின் பெயருக்காக 1956-இல் விருதுநகரில் 76 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரை அறிந்த மக்கட்கு, அவ்வறிவிப்பின் பொருளை விரித்துரைக்க வேண்டா. அது வெகுளியில் எழுந்த முடிவன்று. ஐந்து திங்கள் இடைவெளி விட்டு, நாள் குறித்து, அமைதியாக அறிவித்த முடிவு. அவரை அறிந்தார் அனைவரும் ஒன்றை அறிவர்: சொன்னதைச் செய்பவர் அவர். முப்பத்தைந்தாண்டு பொய் பேசாத வாய் அது. அரசு அஞ்சியது அந்த வாய்மைக்கே.

அக்கோடையில் வேல்சு முழுதும் அவர் கூட்டங்கட்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். மறியலும் வாக்குச்சீட்டும் எனப் பிரிந்து கிடந்த இருவழியும் அவரிடத்தில் ஒன்றாயின. செப்தம்பரில் வேல்சின் பேராயர் உட்படச் சான்றோர் மூவர் இலண்டன் சென்று, நேரவிருக்கும் கேட்டை உள்துறை அமைச்சர்க்கு எடுத்துரைத்தனர். செப்தம்பர் 17-ஆம் நாள் அரசு பணிந்தது. நோன்பு தொடங்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. அதன்பின் மூன்று கிழமை கழித்து, தாம் பின்வாங்கும் இயல்பினர் அல்லர் என்று தலைமையமைச்சர் தாட்சர் அம்மையார் தம் கட்சி மாநாட்டில் முழங்கினார். வேல்சு மக்கள் அதனைக் கேட்டுப் புன்முறுவல் பூத்திருப்பர்.

1982 நவம்பர் முதல் நாள் 'எசு-4-சி' என்னும் வேல்சு அலைவரிசை தொடங்கிற்று. தொடக்கத்தில் கிழமைக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் வேல்சு மொழியில் ஒளிபரப்பியது. குழந்தைகட்கான ஓவியப் படங்கள் முதலில் அம்மொழியில் உருவாகிப் பின்னர் ஆங்கிலத்திற்கும் பிறமொழிகட்கும் சென்றன. கழுத்தில் மரத்துண்டு தொங்கிய சிறுவனின் பேரப்பிள்ளைகள், தம் மொழி பேசும் பொம்மைகளைத் திரையில் கண்டு சிரித்தனர்.

விளைந்த பயன்

1997 செப்தம்பர் 18-இல், தன்னாட்சி மன்றம் பற்றி மீண்டும் மக்களிடம் கேட்கப்பெற்றது. இரவு முழுதும் எண்ணிக்கை 'வேண்டா' என்னும் பக்கமே சாய்ந்திருந்தது. கடைசியாக முடிவறிவித்த மாவட்டம் ஒன்றே எஞ்சியது. அது கார்மார்தன் மாவட்டம். அதன் வாக்குகள் தட்டைச் சாய்த்தன. 6,721 வாக்கு வேறுபாட்டில் வேல்சு தன் மன்றத்தைப் பெற்றது. 1966-இல் குவின்வோரை அனுப்பிய மண்ணே முப்பத்தோராண்டு கழித்து நாட்டையும் கரையேற்றியது. விதைத்தவர் அன்று எண்பத்தைந்து அகவை முதியவராய் இருந்து அதனைக் கண்டார். 2005 ஏப்பிரல் 21-ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் அகவையில் மறைந்தார். 2011-இல் வேல்சு மொழி அந்நாட்டில் சட்டப்படி ஆட்சிமொழி நிலை எய்திற்று. 2020-இல் அம்மன்றம் 'செனத்து' என்னும் வேல்சுப் பெயரோடு நாடாளுமன்றம் எனப் பெயர்கொண்டது.

உண்மையை மறைத்தல் தகாது. 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் வேல்சு மொழி அறிந்தோர் 17.8 விழுக்காடே, ஏறத்தாழ ஐந்து இலக்கத்து முப்பத்தெட்டாயிரவர். அலைவரிசையும் சட்டமும் வந்தும் மொழி பெருகிவிடவில்லை. ஆயினும், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழியும் என்று 1962-இல் அஞ்சப்பெற்ற மொழி ஒழியவில்லை. பாதியிலிருந்து காலாகவும் காலிலிருந்து ஐந்திலொன்றாகவும் விரைந்து வீழ்ந்தது, அதன்பின் அவ்விரைவில் வீழவில்லை. வீழ்ச்சியைத் தடுத்தல் ஒரு தலைமுறையின் பணி; எழுச்சியைச் செய்தல் அடுத்த தலைமுறையின் பணி. முன்னதைக் குவின்வோர் செய்தார். பின்னது, வீடுதோறும் தாயும் தந்தையும் குழந்தையோடு எம்மொழியில் பேசுகின்றனர் என்பதைப் பொறுத்தது. அதனை எந்தச் சட்டமும் செய்து தாராது. எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் செய்து தாரார்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நாடாளுமன்ற உறுப்பினரை எதனைக் கொண்டு அளப்பது? இருக்கை அவருக்கு எதற்குக் கருவியாயிற்று என்பதைக் கொண்டு அளக்க. இருக்கை போனபின் அவரிடம் என்ன எஞ்சிற்று என்பதைக் கொண்டு அளக்க. குவின்வோர் எவான்சிடம் இருக்கை போனபின் எஞ்சியது ஒரு மொழியும், பொய்யாத ஒரு வாயும். அவ்விரண்டையும் கொண்டே அவர் ஒரு பேரரசைப் பணியவைத்தார். மூன்று வாக்கில் தோற்றவர் வரலாற்றில் வென்ற வகை இது.

மொழியை வாக்குக்குப் படியாக்கி ஏறியபின் அப்படியை உதைத்துத் தள்ளுவாரை எல்லா நாடும் கண்டுள்ளது. வாக்கை மொழிக்குப் படியாக்கிய ஒருவரின் வாழ்வு இங்கு எடுத்துரைக்கப்பெற்றது. கேட்டார் இதனை வீடுகொண்டு சென்று, இன்றிரவு தம் பிள்ளைகட்குத் தூய தமிழில் சொல்வாராயின், இப்பொழிவின் பயன் அதுவே.